மூலன் வீடு திரும்பிய மாலை

பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் என் மகள் வயிற்றுப் பேரன், பொங்கல் விடுமுறைக்கு நாமக்கல் வரும்போதெல்லாம், ஒரு தடித்த புத்தகத்தையும் பத்து முகம் கொண்ட பகடைகள் நாலைந்தையும் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருவது வழக்கம். மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம், வெயில் தாழ்ந்து, கோட்டைப் பாறையின் சூடு மெல்ல ஆறத் தொடங்கும் நேரத்தில், அவனும், என் மகன் வீட்டுப் பேத்தியும், அவர்களுடைய சிநேகிதர்கள் மூவரும் மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். நானும் ஓர் ஓரத்தில் இடம் பிடித்துக்கொள்வேன். பேரன் என்னை அப்புச்சி என்பான். பேத்தி அப்பாரு என்பாள். ஒரே கிழவன் ஒரே பாயில் உட்கார்ந்தபடி இரண்டு முறைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அவர்கள் ஆடும் விளையாட்டுக்குப் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, அந்தப் பாத்திரத்தின் வாயாகவே பேசி, அதன் புத்தியாகவே யோசித்து, முடிவு தெரியாத இடங்களில் மட்டும் பகடையை உருட்டிப் பார்த்துக்கொள்கிறார்கள். அரிதாரமும் மத்தளமும் இல்லாமல் உட்கார்ந்த இடத்திலேயே நடக்கும் கூத்து என்று நான் அதைப் புரிந்துகொண்டேன். புத்தகத்தின் பெயர் எக்லிப்ஸ் ஃபேஸ். போஸ்ட்ஹியூமன் ஸ்டூடியோஸ் என்ற அமெரிக்கக் குழு உருவாக்கியது; 2009இல் வெளிவந்து, 2019இல் இரண்டாம் பதிப்பாகத் திருத்தி எழுதப்பட்டது. பேரன் கையில் இருப்பது பழைய பதிப்பு.

அதன் உலகத்தில் மனிதனுடைய மனம் எழுதி வைக்கக்கூடிய ஒரு கணக்கைப் போல ஆகிவிட்டது. மனத்தை ஈகோ என்கிறார்கள். உடம்பை மார்ஃப் என்கிறார்கள். பிடரிக்குள் புதைத்து வைத்த கார்ட்டிகல் ஸ்டாக் என்ற சிறு பொருள் நொடிக்கு நொடி மனத்தைப் பதிந்துகொண்டே இருக்க, உடம்பு அழிந்தாலும் அதை எடுத்து வேறோர் உடம்பில் ஏற்றிவிடலாம். ஒரு கிரகத்திலிருந்து இன்னொரு கிரகத்துக்குப் போக வேண்டியவன் கப்பலேறுவதில்லை. அவன் மனம் மட்டும் செய்தியாக அனுப்பப்பட்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் வாடகை உடம்பொன்றில் கண் விழிக்கிறது. பூமி நாசமான காலத்தில் தப்பிப் பிழைத்தவர்களில் எத்தனையோ பேர் உடம்பைக் கைவிட்டு மனமாக மட்டுமே ஓடிவந்தவர்கள் என்றும், அவர்கள் ஒரு மட்டமான தகர உடம்பையாவது பெறுவதற்காக வருஷக்கணக்கில் ஒப்பந்தக் கூலியாக உழைக்கிறார்கள் என்றும் படித்துக் காட்டியபோது, முன்பணத்துக்காகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்த ஆட்களைச் சிறு வயதில் நேரில் கண்டவனாகிய எனக்கு அது விளையாட்டாகவே தோன்றவில்லை.

பேரனுடைய பாத்திரம் ஒரு வைத்தியன். பேத்தியுடையது அப்படி உடம்பில்லாமல் ஓடிவந்து ஒப்பந்தத்தில் சிக்கியிருக்கும் ஒருத்தி. இந்த வைத்தியன் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தான்: உன் ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து மீட்டு, உனக்கென்று ஓர் உடம்பு வாங்கித் தருகிறேன் என்று. அதற்கு அடுத்த ஆட்டத்திலேயே செவ்வாய்க் கிரகத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் அவன் செத்துப்போனான். பிடரியிலிருந்த ஸ்டாக்கும் கிடைக்கவில்லை. மிச்சமிருந்தது, கிளம்புவதற்கு முன் எங்கோ பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒரு பேக்கப். அது ஆறு வாரம் பழையது. அதை எடுத்துக் கையிலிருந்த காசுக்கு ஏற்ற தகர உடம்பில் ஏற்றினார்கள். புதிய உடம்புக்குப் பழகுகிறானா, கண்ணாடியில் தெரியும் முகத்தைத் தன் முகமென்று ஏற்கிறானா, இடையில் அறுந்துபோன காலத்தின் அதிர்ச்சியைத் தாங்குகிறானா என்று மூன்று சோதனைகளைப் பழைய பதிப்பு தனித்தனியே வைத்திருக்கிறது. மூன்றுக்கும் பகடை உருண்டது, தேறிவிட்டான். ஆனால் வாக்குக் கொடுத்தது அந்த ஆறு வாரத்துக்குள்.

"அப்ப எனக்குக் குடுத்த வாக்கு?" என்றாள் பேத்தி.

"அவனுக்கு அது தெரியாதே," என்றான் பேரன். பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்குத் தெரியுங்க அப்புச்சி. ஆனா அவனுக்குத் தெரியாதுங்க," என்றான்.

அன்று ஆட்டம் அந்த இடத்தோடு நின்றுபோயிற்று. எல்லோரும் கீழே இறங்கிப் போன பிறகும் நான் வெகுநேரம் மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது என்று ஒருவன் தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்ளக்கூடிய இடம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? தத்துவ நூல்களில் நாம் மல்லாடும் கேள்வி, நான் என்பது ஞாபகமா, சரீரமா, இவ்விரண்டையும் தாண்டிய ஏதோ ஒன்றா என்ற அந்தக் கேள்வி, ஒரு பென்சிலும் ஒரு காகிதத்தாளும் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் கணக்கெழுதியவன் நான்; ஆகையால் என் யோசனை முதலில் பட்டறைக்குத்தான் போயிற்று. தொழிற்சாலையிலிருந்து வண்டி வெறும் சேஸாக வரும். எஞ்சின், சக்கரம், ஸ்டீரிங், உட்கார ஒரு ஆசனம், அவ்வளவுதான். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எதிர்க்காற்றை மார்பில் வாங்கிக்கொண்டு, நூற்றுக்கணக்கான மைல் ஓட்டி வந்து டிரைவர் அதை வாசலில் நிறுத்துவார். தச்சரும் வெல்டரும் பெயின்டரும் சேர்ந்து அதற்கொரு உடம்பு கொடுப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அதே வண்டி கேபின் நசுங்கி, தொட்டி துருப்பிடித்துத் திரும்பி வரும்; கேபினை இறக்கிப் புதிது ஏற்றுவார்கள்; தொட்டியை உடைத்து வேறு கட்டுவார்கள்; எஞ்சின் அதற்கு முன்பே மாறியிருக்கும். வெளியே போகும்போது அதில் பழையது என்று சொல்ல என்ன இருந்தது?

சேஸ் நம்பர் இருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் காகிதம் தயார் செய்யும்போது, சட்டத்தின் இரும்பில் குத்தியிருக்கும் அந்த எண்ணை நாங்கள் பார்த்து எழுதுவதில்லை. முதலில் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் கிரீஸையும் மண்ணையும் துடைப்போம். பிறகு ஒரு மெல்லிய தாளை அதன்மேல் வைத்து, விரல் நகராமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேய்ப்போம். கறுத்துக்கொண்டே வரும் தாளின் நடுவே எழுத்தும் எண்ணும் ஒவ்வொன்றாக வெள்ளையாய் எழும்பி வரும். இளைஞனாக முதன்முதல் அதைச் செய்தபோது, வண்டி வாய் திறந்து தன் பெயரைச் சொன்னதுபோல் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எஞ்சின் மாறினால் ஆர்.சி. புத்தகத்தில் மாற்றி எழுதிக்கொள்ளலாம். சேஸ் நம்பர் ஒன்றுதான். ஒரே எண்ணோடு இரண்டு வண்டி ஓடினால் அது குற்றம்.

மனத்துக்கு அப்படி எவனும் எண் குத்தி வைக்கவில்லை. அதனால்தான் இந்த மாதிரி விளையாட்டுகளில், ஒருவன் இரண்டு பேராகிவிடுவானோ என்று எழும் பயம் நியாயமானது. 1981இல் வந்த விஸார்ட்ரி என்ற கணினி விளையாட்டில் வளர்த்த வீரர்களை, அடுத்த வருஷம் வந்த அதன் இரண்டாம் பாகத்துக்கு மாற்றிக்கொண்டுதான் ஆட்டத்தைத் தொடர வேண்டியிருந்தது. ஆயினும் பிளாப்பி டிஸ்க்கைப் பிரதி எடுக்கத் தெரிந்த எந்தப் பையனுக்கும், தன் வீரன் ஒருவன் இரண்டு பேராக இருக்க முடியும் என்பது அன்றே விளங்கிவிட்டது. 1984இல் வெளிவந்த பாரனாயா என்ற விளையாட்டு, செத்தால் வந்து நிற்பதற்கென்று ஆட்டக்காரன் ஒருவனுக்கு ஆறு நகல் உடம்புகளையே எண்ணிக் கொடுத்தது. எக்லிப்ஸ் ஃபேஸில் ஒரே மனத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு காரியத்துக்கு அனுப்புவதற்கு ஃபோர்க் என்று பெயர்.

இவற்றையெல்லாம்விட என்னை வருத்தியது சோமா என்ற கதை. அது பகடை உருட்டும் ஆட்டம் அல்ல; 2015இல் வந்த கணினி விளையாட்டு; பேரன் ஆட, இரண்டு இரவு நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். டொரான்டோவில் மூளையைப் படமெடுத்துக்கொள்ள நாற்காலியில் உட்கார்ந்த சைமன் என்ற இளைஞன், கண் விழிக்கும்போது ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் கழிந்து, கடலுக்கடியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், தன்னுடையதல்லாத ஓர் உடம்பில் இருக்கிறான். ஆழத்துக்குப் போவதற்குத் தக்க வேறோர் உடம்பு தேவைப்படுகிறது. அவன் மனம் அதில் ஏற்றப்படுகிறது. புதிய கண்களால் திரும்பிப் பார்த்தால், பழைய உடம்பு அதே நாற்காலியில், அதே மனத்தோடு மயங்கிக் கிடக்கிறது. நடந்தது இடமாற்றம் அல்ல, பிரதி. கடைசியில் மனங்களை ஏற்றிக்கொண்ட ஒரு பேழையை வானத்துக்கு அனுப்புகிறார்கள். சைமனின் பிரதி ஒன்று வெளிச்சத்துக்குப் போகிறது. இன்னொன்று இருட்டில், அடிக்கடலில், தான் ஏன் போகவில்லை என்று கதறிக்கொண்டு தங்கிவிடுகிறது. அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கதறலைக் கேட்ட பிறகு, கூடு மாறுவது என்பது போகிறவனுடைய கதையாக மட்டும் எனக்குத் தோன்றுவதில்லை.

கூடு விட்டுக் கூடு பாய்வதைப் பற்றி நம்மவர்கள் வெகு காலமாகப் பேசி வந்திருக்கிறார்கள். அமாவாசைதோறும் ஜனங்கள் திரளும், சேலத்தை அடுத்த கஞ்சமலைச் சித்தர் கோவிலுக்கு என் தகப்பனார் என்னை அழைத்துப் போனதுண்டு. கருநிறமான குச்சியொன்றால் கிளறிய சோறு கறுத்துப்போக, அதை உண்ட சிஷ்யன் கிழத்தன்மை நீங்கி வாலிபனாக நின்றான் என்றும், குரு அவனை அடையாளம் காணாமல் திகைத்தார் என்றும் வழியில் கதை சொல்வார். சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியிருக்கும் திருமூலருடைய சரித்திரம் இன்னும் ஆழமானது. கைலாயத்திலிருந்து அகத்தியரைக் காணத் தெற்கே வந்த யோகி ஒருவர், காவிரிக் கரையில், சாத்தனூரில், இறந்து கிடந்த மூலன் என்ற இடையனைச் சுற்றி அவன் மேய்த்த பசுக்கள் நின்று கதறுவதைக் காண்கிறார். நம் மோகனூர்க் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடும் அதே காவிரிதான். சில நாள் நடை தூரத்தில் நடந்த கதை. பசுக்களின் துயரம் பொறுக்காமல், தம் உடம்பைப் பத்திரமாக ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, மூலனுடைய உடம்பில் புகுகிறார். பசுக்கள் நக்கி, மோந்து, களித்து, மேயத் தொடங்குகின்றன.

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்திலிருந்து விரைந்து நகர்ந்து, மறுநாள் அவர் தம்முடைய உடம்பைத் தேடிக் காணாததையும், சிவனருள் அதை மறைத்ததையும், பிறகு திருவாவடுதுறையில் அமர்ந்து மூவாயிரம் பாடல்கள் அருளியதையும் சொல்லி முடிப்பார்கள். எனக்கோ நடுவிலிருக்கும் அந்த ஒரு மாலைப்பொழுதை விட்டுப் போக மனம் வருவதில்லை. பொழுது சாய்ந்து பசுக்கள் வீடு திரும்பிவிட்டன, கணவன் ஏன் இன்னும் வரவில்லை என்று மூலனுடைய மனைவி தேடி வருகிறாள், நிற்கிறவனைத் தொடுகிறாள். உனக்கும் எனக்கும் ஓர் உறவும் இல்லை என்று அவன் விலகிப் போய், ஒரு மடத்தில் புகுந்து யோகத்தில் அமர்ந்துவிடுகிறான். ஊரார் வந்து பார்த்து, இவர் இனி உன்னுடையவர் அல்லர் என்று அவளுக்குச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். உறவில்லை என்று அவர் சொன்னது சத்தியம். யோகி பொய் சொல்லவில்லை. ஆனால் அதே முகம், அதே தோள், காலையில் புறப்பட்டுப் போன அதே வேட்டி. பசுக்களுக்கு உடம்பே போதுமாயிருந்தது, அவளுக்குப் போதவில்லை. காவிரிக் கரையில் கணவன் பிணமாகக் கிடந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை. கட்டிக்கொண்டு அழுவதற்கு ஓர் உடம்புகூட மிஞ்சவில்லை.

மேற்கத்திய விளையாட்டுகள் பெரும்பாலும் புறப்பட்டுப் போகிறவனுடைய மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு, நான் நான்தானா என்று கேட்கின்றன. சேக்கிழார் வாசலில் நிற்பவளைக் காட்டினார். நான் யார் என்பதில் எனக்கு உள்ள பாத்தியதை எவ்வளவோ, என் வரவுக்காகக் காத்திருந்தவளுக்கும் அதில் அவ்வளவு பாத்தியதை உண்டென்பது அன்று மாடியில் எனக்குத் திண்ணமாகப் பட்டது.

கூத்தில் இதற்கு வேறொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். 1960களில் எங்கள் ஊர் மாரியம்மன் நோன்புக்கு நடந்த அர்ச்சுனன் தபசை நான் மறக்கவே முடியாது. கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் காகிதமும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம். அவற்றை அணிந்து முன்னிரவு முழுவதும் ஆடியவர் எங்கள் பக்கத்தில் பெயர்பெற்ற, சற்று வயதான கலைஞர். நடுச்சாமத்துக்கு மேல் இரண்டு பேர் திரை பிடித்தார்கள்; முகவீணை உச்சத்தில் ஏறியது; திரை விலகியபோது அதே கிரீடத்தின் கீழே இன்னொரு முகம், ஓர் இளைஞன் முகம். எனக்குப் பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கிழவி, முகத்தைப் பார்த்தாளோ இல்லையோ, "அருச்சுனா, பாத்து ஏறு சாமி," என்று கும்பிட்டாள். இறங்கிப் போன பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, இளையவன் அடி தவறும் இடங்களில் குரல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். (ஒரு வேஷத்துக்கு இரண்டு ஆள் என்பது இப்படி, இரண்டு வேஷத்துக்கு ஒரே ஆள் என்பதைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 1940இல் பி. யு. சின்னப்பாவைக் கொண்டு உத்தம புத்திரனில் காட்டி, ஜனங்களைப் பிரமிக்க வைத்தார்கள்.) அந்தப் பெரியவர் குரல் கொடுத்ததைத்தான் இன்று நினைத்துக்கொள்கிறேன். விட்டுப் போன உடம்பு இருட்டில் கைவிடப்படாமல், புதிய உடம்புக்குப் பாட்டு எடுத்துக் கொடுக்கிறது. சைமனுக்கு அது வாய்க்கவில்லை.

மாடியில் ஆட்டம் நின்றுபோனதற்கு மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது பேரனிடம் ஒரு பழைய விஷயத்தைச் சொன்னேன். எங்கள் பட்டறைக்கு வண்டியை மூன்று தடவை கொண்டுவந்த முதலாளி ஒருவர். மூன்றாம் தடவை கேபின், தொட்டி, எஞ்சின் எல்லாம் மாறி முடிந்தபோது, இனி இது பழைய வண்டியே இல்லைங்களே என்று நான் சொல்லப்போக, அவர் கணக்குப் புத்தகத்தைத் தட்டிக் காட்டி, "கடன் அதேதானுங்களே," என்றார். தமிழில் கடன் என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே வாங்கிய பணமும் இருக்கிறது, செய்ய வேண்டிய கர்த்தவ்யமும் இருக்கிறது என்பதை அந்த மனிதர் நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார். பேரன் ஒன்றும் பதில் சொல்லாமல் காபியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

காணும் பொங்கல் சாயங்காலம் மறுபடியும் பாய் விரித்தார்கள். கதை நடத்தும் பெண் காட்சியைத் தொடங்கி வைத்தாள். தகர உடம்பில் புதிதாக விழித்தெழுந்த வைத்தியன், உடம்பில்லாதவளை ஒரு திரையின் வழியாகச் சந்திக்கிறான். அவள் வாக்கைப் பற்றிச் சொல்கிறாள். அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை. இவ்விடத்தில் பேரன் பகடையைத் தொடவில்லை. "எனக்கு நினைவில்லை. நான் யாராயிருந்தேன் என்பது உன்னிடம்தான் இருக்கிறது. முதலிலிருந்து சொல்லு," என்றான், வைத்தியனுடைய குரலில்.

பேத்தி சொல்லத் தொடங்கினாள். முதலில் கொஞ்சம் கோபமாக. போகப் போகக் கோபம் கரைந்து, அந்த ஆறு வாரத்தில் எங்கெங்கே போனார்கள், எந்தச் சுரங்க வாசலில் காத்திருந்தார்கள், அவன் என்ன பாட்டை முனகினான், எதற்காகப் பயந்தான் என்றெல்லாம், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சொன்னாள். எல்லாவற்றையும் அறிந்திருந்த என் பேரன், ஒன்றையும் அறியாதவனாக, கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். சிநேகிதர்களில் ஒருவன் அசையக்கூட இல்லை.

கடைசியில் அவள், "ரெண்டு வருஷத்துக்குள்ள என்னை மீட்கறேன்னு சொன்ன," என்றாள்.

கணக்கெழுதும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அவர்கள் ஆடும்போது ஒரு நோட்டில் நான் எல்லாவற்றையும் குறித்து வைப்பேன். வாக்கு மூன்று வருஷத்துக்கு. பேரனுக்கும் அது தெரியும். அவன் வாயாலேயே சொன்னதுதான். நான் நோட்டைத் திருப்பினேன். அவன் என்னைப் பார்த்தான். பார்த்து, லேசாகத் தலையை அசைத்தான். நான் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். அவன் பென்சிலை எடுத்து, பாத்திரத்தின் தாளில், மற்றவர்கள் பார்க்கும்படியாகவே, இரண்டு வருஷம் என்று எழுதினான்.